‘உதவியாளர்’ மேரி மெக்மில்லன்: இயன்முறை மருத்துவம் கல்வித்துறையான வரலாறு



மருத்துவ வரலாறு என்றதும் நம் மாணவர்களின் நாவில் சில பெயர்கள் தயங்காமல் வந்துவிடும். பாஸ்டர், ஃபிளெமிங், நைட்டிங்கேல் ஆகியோரைப் பாடநூல்களும் கட்டுரைப் போட்டிகளும் அவர்களுக்கு நன்கு அறிமுகப்படுத்தியுள்ளன. கிருமியை ஆராய்ந்தவர், மருந்தைக் கண்டறிந்தவர், தாதிமைக்கு மதிப்புத் தேடித் தந்தவர் என்று ஆளுக்கொரு தொடர் சொன்னால் போதும். ஆனால், எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் பிரித்த மறுநாள் முதல் நடை பழக்குபவர் யார்? பக்கவாதத்தால் கட்டிலோடு கிடப்பவரை எழுந்து நிற்கச் செய்பவர் யார்? அப்பணிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் நினைப்பதே இல்லை.

‘பிசியோ’ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் அத்தொழில் தமிழில் இயன்முறை மருத்துவம் எனப்படுகிறது. பாடத்திட்டமும் பாடநூலும் தகுதி வரையறையும் கொண்ட ஒரு துறையாக அதனை அமெரிக்காவில் நிலைநாட்டியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் மேரி மெக்மில்லன். அமெரிக்க இராணுவ மருத்துவத் துறை அவருக்கு அளித்த பதவிப் பெயர் ‘மறுசீரமைப்பு உதவியாளர்’ என்பதாகும். இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அந்த ‘உதவியாளர்’ என்னும் சொல்லே. கையால் செய்யும் வேலைக்கும் கல்வி உண்டு என்று நிறுவ அவருடைய தலைமுறை எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

மெக்மில்லன் 1880ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹையானிஸ் என்ற ஊரில் பிறந்தார். தாயையும் தமக்கையையும் காசநோய் கொண்டுபோனது. தாயை இழந்த சிறுமியை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இருந்த உறவினரிடம் அனுப்பி வைத்தார்கள். அங்கேயே வளர்ந்து, பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்று, பின்னர் இலண்டனில் உடலின் கோணல்களைத் திருத்தும் பயிற்சிமுறைகளை மேலும் கற்றார்.

அக்காலத்தில் இத்துறை எந்த நிலையில் இருந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். சுவீடன் நாட்டில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக்கென அரச நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். மருத்துவப் பயிற்சிகளும் உடம்பு பிடித்துவிடும் முறைகளும் அங்கே ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டன. ஆனால், இங்கிலாந்தில் ‘மசாஜ்’ என்ற சொல்லுக்கே கெட்ட பெயர் ஏற்பட்டிருந்தது. அப்பெயரில் விலைமாதர் விடுதிகள் நடப்பதாக 1894ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. நேர்மையாகத் தொழில் செய்த பெண்கள் கலங்கிப் போனார்கள். அதே ஆண்டில் அவர்களுள் சிலர் ஒன்று கூடிச் சங்கம் அமைத்துத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரோசலிண்ட் பேஜட் லிவர்பூல் நகரத்தவரே. களங்கத்தைக் கண்டனக் கூட்டம் போட்டுத் துடைக்காமல் தேர்வுத்தாள் வைத்துத் துடைத்த அந்தப் பெண்களை எண்ணும்போது எனக்கு மரியாதையும் மகிழ்ச்சியும் ஒருசேரத் தோன்றுகின்றன.

லிவர்பூலில் மெக்மில்லனுக்கு வாய்த்த பெரும்பேறு சர் ராபர்ட் ஜோன்ஸிடம் பணியாற்றியதாகும். ஜோன்ஸ் எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர். மேன்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டப்பட்டபோது அங்கே அடிபட்ட தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடுகளை அமைத்தவர். நெல்சன் தெருவில் இருந்த தம் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தவர். அவருடைய நோயாளிகளுக்கு உடம்பு பிடித்துவிடுவதும் பயிற்சி அளிப்பதும் மெக்மில்லனின் பொறுப்பாயிற்று. அறுவை மருத்துவர் முடித்த இடத்தில் வேலை முடிவதில்லை, அங்கேதான் வேறொருவரின் வேலை தொடங்குகிறது என்பதை அவர் அங்கே நாள்தோறும் கண்ணாரக் கண்டார்.

முதல் உலகப் போர் தொடங்கிய பின் அவர் அமெரிக்கா திரும்பினார். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் மசாஜ், மருத்துவப் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவரானார். அதே 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. ஏறத்தாழ 27,000 பேர் நோயுற்றனர். 6,000 பேர் இறந்தனர். பிழைத்த குழந்தைகளின் கால்கள் துவண்டு கிடந்தன. பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் லவெட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட் என்ற பெண்மணியும் ஒவ்வொரு தசையின் வலுவையும் தனித்தனியே சோதித்து மதிப்பிடும் முறையை உருவாக்கினர். புவியீர்ப்பை எதிர்த்துக் குழந்தையால் காலை உயர்த்த முடிகிறதா, நாம் கையால் அழுத்தித் தடுத்தாலும் உயர்த்த முடிகிறதா, அல்லது தாங்கிப் பிடித்தால் மட்டும் அசைகிறதா என்று படிப்படியாகப் பார்ப்பதே அம்முறை. இன்றும் உலகெங்கும் இதன் வளர்ந்த வடிவத்தையே இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். இது சிறிய செய்தி அன்று. ‘கொஞ்சம் தேவலாம்’ என்ற பேச்சு போய்ப் புள்ளி வந்தது. புள்ளி வந்த இடத்தில் பாடமும் வரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

1917ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஐரோப்பாவின் அனுபவம் ஓர் உண்மையைக் கற்பித்திருந்தது. குண்டடி பட்டவனைப் பிழைக்க வைப்பது பாதி வேலைதான். மாவுக்கட்டில் நெடுநாள் அசையாமல் கிடந்த மூட்டு இறுகிவிடும். நரம்பு அறுந்த கை சூம்பிவிடும். கால் துண்டிக்கப்பட்டவனின் எஞ்சிய பகுதியை முறையாகப் பழக்காவிட்டால் செயற்கைக் கால் பொருந்தாது. ஆகவே, இராணுவ மருத்துவத் துறை ‘உடல் மறுசீரமைப்பு’ என்றொரு பிரிவை ஏற்படுத்திப் பெண்களை வேலைக்கு எடுத்தது. 1918 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரின் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் முதல் மறுசீரமைப்பு உதவியாளராக நியமனம் பெற்றவர் மெக்மில்லன்.

ஆனால், ஒருவரை நியமித்து என்ன பயன்? தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். நாட்டில் முறையாகப் பயின்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். எனவே, கல்லூரிகளில் அவசரப் பயிற்சி வகுப்புகள் தொடங்கப்பட்டன. அவற்றுள் பெரியது ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரின் ரீட் கல்லூரியில் நடந்தது. (பெயர்கள் நம்மைக் குழப்பக்கூடும். இந்தப் போர்ட்லாந்து மேற்குக் கரையை அடுத்தது. முன்னர்ச் சொன்னது கிழக்குக் கரையில் உள்ளது. வால்ட்டர் ரீட் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த இராணுவ மருத்துவர். ரீட் கல்லூரியோ ஓரிகனில் வாழ்ந்த வணிகர் சிமியன் ரீட் குடும்பத்தின் கொடையால் எழுந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.) அக்கல்லூரியின் தலைவர் வில்லியம் ஃபாஸ்டர் அழைக்க, இராணுவத்தின் இசைவோடு மெக்மில்லன் அங்குச் சென்று அவ்வகுப்பை நடத்தினார். இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே பயிற்சி பெற்றனர்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று யோசிக்கிறேன். சில மாதங்களில் ஒரு தொழிலைக் கற்பிப்பது எப்படி? ஆசிரியப் பணியில் இருப்போருக்கு அவசரப் பயிற்சியின் அபாயம் புரியும். எதை விடுவது என்பதே முதல் கேள்வி. செய்முறையை மட்டும் காட்டிக் கையை ஓட்டப் பழக்கியிருக்கலாம். நேரமும் மிச்சமாகியிருக்கும். போருக்கு அதுவே போதும் என்று சொல்வோரும் இருந்திருப்பார்கள். ஆனால், அவ்வகுப்பில் உடற்கூறியலும் உடலியங்கியலும் இடம்பெற்றன. காயமுற்றவனின் மனநிலை பற்றிய பாடமும் இருந்தது. அவற்றோடு சேர்த்தே செய்முறை கற்பிக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே உடற்பயிற்சி ஆசிரியர்களாகத் தேர்ச்சி பெற்றவர்கள் என்பதும் கைகொடுத்தது. எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று அறியாத கை, புண் ஆறாத மூட்டை வளைத்தால் நன்மையை விடத் தீமையே மிகுதி. மெக்மில்லன் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னாளில் இத்துறை பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவதற்கான கதவு அங்கேதான் திறந்தது என்பது என் கருத்து.

1919ஆம் ஆண்டில் அவர் வால்ட்டர் ரீட் மருத்துவமனையின் தலைமை உதவியாளராகத் திரும்பி வந்தார். போர் முடிந்துவிட்டது. படை கலைந்தது. உதவியாளர்களும் ஒவ்வொருவராக விடுவிக்கப்பட்டு நாடெங்கும் சிதறினார்கள். இனி அவர்களின் கதி என்ன? ஒரு மருத்துவமனைக்கு ஒருவர் என்று தனித்தனியே வேலைக்குச் சேர்ந்தார்கள். முறையாகப் பயின்றவரையும் அழகு நிலையத்தில் உடம்பு பிடித்துவிடுபவரையும் பிரித்துக் காட்ட எந்த அடையாளமும் இல்லை. நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்பட்ட அறிவு, தேவை தீர்ந்ததும் பெயரின்றிக் கரைந்துபோகும் நிலையில் இருந்தது.

1921ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க் நகரின் ‘கீன்ஸ்’ என்ற உணவு விடுதியில் 30 பெண்கள் கூடினார்கள். இறைச்சி உணவுக்கும் புகைக்குழாய்களுக்கும் பெயர்போன விடுதி அது; அதன் வாயில் பெண்களுக்குத் திறந்தே பதினைந்து பதினாறு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அங்கே பிறந்ததுதான் அமெரிக்கப் பெண் இயன்முறை மருத்துவர் சங்கம். மெக்மில்லன் அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடக்க உறுப்பினர்கள் 274 பேர். மார்ச் மாதத்திலேயே சொந்த இதழ் வெளிவந்தது. மறு ஆண்டு, ‘பெண்’ என்ற சொல்லைப் பெயரிலிருந்து நீக்கி அமெரிக்க இயன்முறை மருத்துவர் சங்கம் என மாற்றிக்கொண்டனர்.

அதே 1921இல் ‘மசாஜும் மருத்துவப் பயிற்சியும்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வெளிவந்தது. அமெரிக்க இயன்முறை மருத்துவர் ஒருவர் தம் துறைக்காக எழுதிய முதல் பாடநூல் என்று அதனைக் குறிப்பிடுகின்றனர். தசைகளையும் மூட்டுகளையும் கையால் இயக்குதல், மருத்துவப் பயிற்சி, மின்சாரச் சிகிச்சை, நீர்ச் சிகிச்சை என்று துறையை நான்கு கிளைகளாக அவர் வகுத்தார். இன்று நோக்கும்போது இவ்வகுப்பு எளிதாகத் தோன்றலாம். ஆனால், எல்லையே இல்லாத ஒன்றுக்கு முதலில் வேலி கட்டுவது எளிதன்று. நம் இலக்கண நூலார் எழுத்தையும் சொல்லையும் பகுத்து வைத்த பின்னர்த்தானே நாம் பாடம் நடத்துகிறோம்? பின்னர் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் இத்துறைப் படிப்புகளையும் அவர் சில ஆண்டுகள் வழிநடத்தினார்.

சங்கம் 1928ஆம் ஆண்டில் குறைந்தபட்சப் பாடத்திட்டம் ஒன்றை வரையறுத்தது. உடற்பயிற்சிக் கல்லூரியிலோ தாதியர் பள்ளியிலோ தேறியவர்களை மட்டும் சேர்த்து ஒன்பது மாதம் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் வரலாறு புகழ்மாலை ஆகிவிடும். மருத்துவர்களின் ஆதரவு இல்லாமல் பிழைக்க முடியாது என்பதை அப்பெண்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே, மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி யாரையும் தொடுவதில்லை என்ற நிலையை ஏற்றுக்கொண்டனர். 1935ஆம் ஆண்டில் சங்கம் இயற்றிய ஒழுக்க நெறிகளில், நோயைக் கண்டறிவதும் சிகிச்சையை முடிவு செய்வதும் முற்றிலும் மருத்துவரின் பொறுப்பே என்று எழுதி வைத்தார்கள். இது அடிமைத்தனம் என்று பிற்காலத்தவர் சிலர் குறை கூறியதுண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. போலிகளிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட அன்று அவர்களுக்குக் கிடைத்த ஒரே மதில் அதுதான். ஆயினும், மதிலுக்குள் இருந்தவர்கள் வெளியே வர நெடுங்காலம் ஆயிற்று. மருத்துவரின் சீட்டு இல்லாமலே நோயாளி நேரடியாக வரலாம் என்று நெப்ராஸ்கா மாநிலம் 1957ஆம் ஆண்டில் வழிவிட்டது. எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வகையில் அதற்கு இடம் கொடுப்பதற்குள் இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்து பத்தாண்டுக்கும் மேல் கடந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் இத்துறைக்குள் நுழைவதற்கான படிப்பே முனைவர் நிலைப் பட்டமாகிவிட்டது.

மெக்மில்லனிடம் திரும்புவோம். 1932ஆம் ஆண்டில், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், அவர் சீனாவுக்குப் புறப்பட்டார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியோடு நடந்த பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றுச் சீன மாணவர்களையும் பயிற்றுவித்தார். அவர் அங்குச் சென்ற காலத்தில் அக்கல்லூரியின் உடலியங்கியல் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் ராபர்ட் லிம் நம் வட்டாரத்துக்காரர். 1897ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தவர். டாக்டர் லிம் பூன் கெங்கின் மகன். பூன் கெங் சாலையிலும் பூன் கெங் இரயில் நிலையத்திலும் நாம் நாள்தோறும் வாசிக்கும் பெயர் அந்தத் தந்தையின் பெயரே. ஜப்பானியர் படையெடுத்த பின் சீனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவ நிவாரணப் படையைக் கட்டி எழுப்பியவர் இந்த மகன்.

1941ஆம் ஆண்டில் மெக்மில்லன் பீக்கிங்கை விட்டுக் கிளம்பினார். தாயகம் சேரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியபோது அவர் மணிலாவில் இருந்தார். உடனே அங்கிருந்த அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் தாமாகவே பணிக்குச் சேர்ந்து காயமுற்றோரைக் கவனித்தார். 1942 ஜனவரியில் மணிலா வீழ்ந்தது. எதிரி நாட்டுக் குடிமக்களை ஜப்பானியர் சாந்தோ தொமாஸ் பல்கலைக்கழகத்தில் அடைத்தனர். 1611ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. விரிவுரை அறைகள் படுக்கையறைகளாயின. ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடந்த அந்த இடத்தில், அறுபத்தொரு வயதுக் கைதியான மெக்மில்லன், கிடைத்ததை வைத்துக்கொண்டு இயன்முறை மருத்துவப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். ஜப்பானியர் காலத்தை வாழ்ந்து பார்த்த முதியோர் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அரிசிக்கும் மருந்துக்கும் அலைந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ‘கிடைத்ததை வைத்துக்கொண்டு’ என்ற தொடரின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் அவர் ஷாங்காய் நகரின் சாப்பெய் முகாமுக்கு மாற்றப்பட்டு, போர் முடிவதற்கு முன்னரே விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். 1959ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் காலமானார். அவர் தொடங்கிய சங்கம் அவருடைய பெயரால் சொற்பொழிவு வரிசை ஒன்றை நிறுவியது. 1964ஆம் ஆண்டில் முதல் சொற்பொழிவை ஆற்றியவர் மில்ட்ரெட் எல்சன். 1951ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரில் உருவான உலக இயன்முறை மருத்துவக் கூட்டமைப்பின் முதல் தலைவரும் அவரே. இன்றும் அமெரிக்காவில் இத்துறையினர் ஒருவருக்கு வழங்கும் மிகப்பெரிய சிறப்புகளுள் ஒன்றாக மெக்மில்லன் சொற்பொழிவு போற்றப்படுகிறது.

இனி அந்த ‘உதவியாளர்’ என்ற சொல். 1918ஆம் ஆண்டில் இராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றிய அப்பெண்களுக்குப் படைப்பதவி கொடுக்கப்படவில்லை. அவர்கள் பொதுமக்களாகவே சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். ஆகவே, போர் முடிந்தபின் முன்னாள் படைவீரர்களுக்கு உரிய சலுகை எதுவும் அவர்களுக்குக் கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் இராணுவ விமானங்களை ஓட்டிய பெண்கள் தங்களுக்காகப் போராடியதன் பயனாக 1977ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் முதல் உலகப் போரின் மறுசீரமைப்பு உதவியாளர்களும் படைப்பணி ஆற்றியவர்களாக 1981ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். ரீட் கல்லூரி வகுப்பில் இருபத்தைந்து வயதில் சேர்ந்த ஒரு பெண் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு எண்பத்தெட்டு வயது ஆகியிருக்கும்.